வாரின் ஊர்

ஐப்பசியின் முதல் மழையில்
என் பைக்குத் தோலுரிந்தது.
"அசல் தோல்" என்று தங்க எழுத்தில் அடித்த பை.
வெயில் தின்ற மூக்கைப் போலச் செதில் செதிலாய்
சாம்பல் சீலையில் ஒட்டிக்கொண்டு
சாட்சிக்கூட்டுக்குப் பக்கத்தில் என்னோடு நின்றது.

கஸ்தூரியார் வீதியில் நாலு கடை ஏறினேன்.
"இது எந்த மாட்டின்ர தோல்?"
"நல்ல மாடு, அக்கா."
"ஆர் தைச்சது?"
"மெஷின்."
"பதனிட்ட தண்ணி எங்கை போனது?"
பொடியன் விசிறியைக் கூட்டிவிட்டான்.
மூன்றாவது கடைக்காரர் சிரித்தார்:
"தங்கச்சி வெள்ளிக்கிழமை மச்சம் தின்னாத ஆளோ?"
ஓம். அதுவும் உண்மைதான்.
மரக்கறிச் சட்டியைத் தனியாய் வைக்கிற வீட்டு வாசலில்தான்
ஏழு சோடி தோல் செருப்புக் கிடக்கிறது.
இதற்கு என்னிடம் மொழிபெயர்ப்பு இல்லை.

தண்ணியைப் பற்றி ஏன் கேட்டேன் என்றால்
நாங்கள் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல் இருக்கிற சனம்.
இங்கே ஊற்றியது எதுவும் போய்விடுவதில்லை,
அடுத்த வளவுக் கிணற்றில்
ஒரு நாள் வாளியோடு ஏறி வரும்.
வேறு ஊர்க் கிணறும்
யாருக்கோ அடுத்த வளவுதானே.

குருநகரில், வலை காயும் ஒழுங்கைக்குள்
றெஜினோல்ட்டின் பட்டறை. மூன்று மேசை.
கொன்சி தைக்கிறாள், பிலோமினா விளிம்பு தேய்க்கிறாள்.
நாலரைக்கு வேலை கட்டாயம் முடியும்,
பிள்ளைகள் ரியூசனால் வருகிற நேரம்.
விலை சொல்ல முதல் அவர் விரித்தது
ஒரு சீஆர் கொப்பி.
தோல்: வவுனியா, இறைச்சிக்கு வெட்டின மாடு.
ஊறல்: ஆவாரம்பட்டை, கடுக்காய். முப்பத்தெட்டு நாள்.
கூலி: கொன்சியின் கையெழுத்து.
"வார்" என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி.
"கொழும்பு யாவாரி ஒராள் தந்தது.
எங்கையிருந்து எண்டு தெரியாது, பிள்ளை."

தெரியாது.
ஒரு நாளைக்கு நாற்பது தரம்
அந்தச் சொல்லைச் சிங்களத்திலிருந்து தமிழுக்கும்
தமிழிலிருந்து சிங்களத்துக்கும் தூக்கி வைக்கிறவள் நான்.
பயந்த தெரியாது, படிப்பித்துவிட்ட தெரியாது,
காசு வாங்கின தெரியாது
எல்லாம் என் காதுக்குத் தெரியும்.
இது வெறும் தெரியாது.
பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.
மூன்று சம்பளத்தில் கட்டி முடித்தேன்.

வரும் வழியில் ரெயில் கடவை மூடியிருந்தது.
நாம்பன் ஒன்று ஸ்கூட்டிக்குக் கிட்ட வந்து
புதுப் பையை மணந்தது.
மணந்துவிட்டு, கீழே கிடந்த வாழைப்பழத் தோலுக்குப் போனது.
மன்னித்தது என்று எழுத மாட்டேன்.
அதற்குப் பசி.

"இந்தக் காசுக்கு நாலு பை" என்றார் மனுசன்.
"நாலும் மழையிலை உரியும்" என்றேன்.
"அப்ப பையே வேண்டாமே.
சீமெந்துப் பையிலை கோவையளைக் கொண்டு போவன்."
அவர் கணக்கில் கெட்டிக்காரர்.
அன்றிரவு கறிக்கு உப்புக் கூடிவிட்டது.

தை பிறந்து நாலாம் நாள் றெஜினோல்ட் எடுத்தார்.
"வார் வந்த இடம் கண்டுபிடிச்சிட்டன், பிள்ளை.
நல்ல இடமில்லை.
சின்னப் பொடியள் குரோம் தண்ணிக்குள்ளை
வெறுங்காலோட நிண்டு மிதிக்கினமாம்.
கொண்டு வாங்கோ, காசில்லாமல் மாத்தித் தாறன்."

"கழட்டினதை என்ன செய்வியள்?"

கொஞ்ச நேரம் தையல் மெஷின் சத்தம் மட்டும்.
"எறியத்தான் வேணும்."

எறிந்தால் அந்தக் கால்கள்
தண்ணியை விட்டு ஏறிவிடுமா?
அந்த மாடு இன்னொரு தரம் குப்பைக்கா?
வைத்திருந்தால் மட்டும் என்ன?
இரண்டு பக்கமும் சாட்சி.
தீர்ப்பு எழுதுகிற ஆள் நானில்லை.

"இருக்கட்டும், அண்ணை.
கேள்விக்குறியை வெட்டிப்போட்டு
அந்த ஊரின்ர பேரை எழுதுங்கோ.
அந்த யாவாரியட்டை இனி வாங்காதையுங்கோ."

பை பழகிவிட்டது,
முழங்கைக்கு ஒரு பள்ளம் விட்டு.
வார் பழகவில்லை.
கோவை கூடின நாட்களில்
தோளில் சிவப்பாய் ஒரு கோடு கீறும்.
இரவு சீலை மாற்றும்போது கண்ணாடியில் அதைப் பார்த்து
அந்த ஊரின் பெயரைச் சொல்லிப் பார்க்கிறேன்.
உச்சரிப்பு இன்னும் சரிவரவில்லை.